இருக்கைக்குள் ஒரு சுவிட்சு

குளிர் நாடுகளில் கார் இருக்கையின் உறைக்கு அடியில் வெப்பக் கம்பி ஒன்றைப் பதித்திருப்பார்கள். அதன் மின்தடை 4 ஓம் என்று வைத்துக்கொள்வோம். காரின் 12 வோல்ட் மின்கலத்துடன் இணைத்தால் 3 ஆம்பியர் பாயும்; திறன் 36 வாட். இருக்கை சூடேறிய பிறகு 9 வாட் போதும். எப்படிக் குறைப்பது?

தொடரில் இன்னொரு 4 ஓம் தடையைச் சேர்க்கலாம் என்பீர்கள். கம்பிக்கு 9 வாட் கிடைக்கும். சேர்த்த தடையும் 9 வாட்டை வீணாக்கும்! அதற்குப் பதிலாக, முழு மின்னோட்டத்தையும் கால் பங்கு நேரம் மட்டும் செலுத்தினால் சராசரி அதே 9 வாட்தான். இருக்கை மெதுவாக ஆறுவதால், மின்சாரம் விட்டுவிட்டுப் பாய்வது உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. இம்முறைக்குத் துடிப்பு அகலக் கட்டுப்பாடு என்று பெயர். சுவிட்சாக வேலை செய்வது மாஸ்ஃபெட் என்னும் டிரான்சிஸ்டர். கடத்தும்போது அதன் தடை 0.02 ஓம் என்றால், அதில் வீணாவது 0.18 வாட் மட்டுமே.

அந்தச் சுவிட்சைக் கம்பிக்கு எந்தப் பக்கம் வைப்பது? கணக்குக்கு இரண்டும் ஒன்றே; உட்கார்ந்திருப்பவருக்கு அப்படியல்ல. காரின் உலோக உடல் மின்கலத்தின் எதிர்முனையோடு இணைந்திருக்கிறது. கம்பிக்கும் உடலுக்கும் இடையே சுவிட்சை வைத்திருக்கிறோம் என்று கொள்ளுங்கள். உறை தேய்ந்து, கம்பியின் நடுப்பகுதி இருக்கையின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுவிட்டது. நேர்முனைப் பக்கத்துப் பாதியின் தடை 2 ஓம். அதில் 6 ஆம்பியர் பாயும். பாதிக் கம்பியில் 72 வாட்! சுவிட்சை அணைத்தாலும் நிற்காது. மின்னோட்டம் அதன் வழியே போகவில்லையே. சுவிட்சு நேர்முனைப் பக்கம் இருந்தால், அணைத்தவுடன் நின்றுவிடும்.

பி வகை மாஸ்ஃபெட் இதற்கு எளிது. அதன் சோர்ஸ் முனை 12 வோல்ட்டில் இருக்கும். கேட் முனை அதைவிடச் சுமார் 10 வோல்ட் கீழே இறங்கினால் நன்றாகக் கடத்தும். இரண்டும் சமமானால் நிற்கும். கட்டுப்படுத்தும் சில்லு தருவதோ 0 அல்லது 5 வோல்ட். 5 வோல்ட்டை நேரே கேட்டுக்குக் கொடுத்துப் பாருங்கள்: அப்போதும் 7 வோல்ட் வித்தியாசம் இருக்கிறது, மாஸ்ஃபெட் அணையாது! எனவே இடையில் ஒரு சிறு டிரான்சிஸ்டர் தேவை. சில்லு அதை இயக்கினால் அது கேட்டைப் பூஜ்யத்துக்கு இழுக்கும். இயக்காதபோது, கேட்டையும் சோர்சையும் இணைக்கும் 10 கிலோ ஓம் தடை கேட்டை மீண்டும் 12 வோல்ட்டுக்கு உயர்த்தும். சில்லுக்கு மின்சாரமே வராமல் போனாலும் கம்பி அணைந்தே இருக்கும்.

ஆனால் மாஸ்ஃபெட் பழுதானால் பெரும்பாலும் கடத்தும் நிலையிலேயே நின்றுவிடும். அதற்காக, சூடு மிகுந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் வெப்பச் சுவிட்சு ஒன்றையும் தொடரில் சேர்க்க வேண்டும்.