மதிப்பெண்ணுக்கு மட்டுமா ஜெபம்?

சென்ற ஆண்டு நவம்பர் மாதக் கடைசி. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு முடிவைப் பெற்றுக்கொண்டு மகளும் நானும் வீடு திரும்பினோம். 4 பாடங்களின் அடைவுநிலையையும் கூட்டினால் 19. இந்தக் கணக்கில் எண் குறையக் குறைய நல்லது என்பதைச் சிங்கப்பூர்ப் பெற்றோருக்குச் சொல்லவேண்டியதில்லை. நாங்கள் எதிர்பார்த்தது 12 அல்லது 13.

மின்தூக்கியில் வாய் திறக்காமல் நின்றவள், இரவு குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது கேட்டாள்: “அம்மா, நான் சரியா ஜெபம் பண்ணலியா? இல்ல, கடவுள் கேட்கவே இல்லியா?”

“எல்லாம் நன்மைக்குத்தான்” என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். மறுநாள் ஜெபத்துக்கு அவள் வரவில்லை. தூக்கம் வருகிறது என்றாள். அதற்கு அடுத்த நாளும் அதே பதில்.

யோசித்துப் பார்த்தபோதுதான் எங்கள் தவறு புரிந்தது. அந்த ஆண்டு முழுவதும் எங்கள் வீட்டு ஜெபத்தில் என்ன இருந்தது? ஆகஸ்ட்டில் வாய்மொழித் தேர்வு, அதன்பின் கணிதம், அறிவியல், துணைப்பாட ஆசிரியர் சுட்டிக்காட்டிய குறைகள். ஜெபித்தால் மதிப்பெண் வரும் என்று நாங்களே பழக்கிவிட்டோம். மதிப்பெண் வராதபோது விசுவாசம் மட்டும் அசையாமல் நிற்கவேண்டும் என்றால் எப்படி?

பிள்ளைகளை ஞாயிறு பள்ளிக்கு அனுப்பிவிட்டால் நம் கடமை முடிந்தது என்று பல பெற்றோர் நினைக்கிறோம். அங்கே அவர்கள் இருப்பது வாரத்தில் ஓரிரு மணி நேரம். பிள்ளைகளுக்குப் போதிக்க வேண்டிய இடங்களாக உபாகமம் 6ஆம் அதிகாரம் வீட்டையும் நடந்துபோகும் வழியையும்தான் குறிப்பிடுகிறது. நேரமும் அப்படித்தான். தூங்கப்போகும்போதும் விழித்தெழும்போதும் பேசச் சொல்கிறது.

ஒரு வாரம் கழித்து உணவங்காடி நிலையத்துக்கு நடந்துபோகையில் மகளிடம் பேசினேன். கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே துன்பம் தம்மைவிட்டு நீங்கவேண்டும் என்று வேண்டினார், ஆனால் அது நீங்கவில்லை என்றேன். தம் வேதனை தீரப் பவுல் 3 முறை வேண்டியதையும், அது தீராமலேயே அவர் ஊழியம் செய்ததையும் சொன்னேன். கேட்டது கிடைக்காததால் கடவுள் கேட்கவில்லை என்று ஆகிவிடாது. பிறகு, சொல்லக் கடினமாக இருந்ததையும் சொன்னேன்.

“மார்க்குக்காக மட்டும் ஜெபம் பண்ணப் பழக்கினது அம்மாவோட தப்பு. சாரிம்மா.”

சற்றுத் தூரம் பேசாமல் வந்தாள். பிறகு, “அப்பாவும் சாரி சொல்லணும்” என்றாள். அன்றிரவு அவரும் சொன்னார்.

அதன்பின் எங்கள் வீட்டில் சிலவற்றை மாற்றினோம். ஜெபம் இப்போது 10 நிமிடம்தான். ஒவ்வொருவரும் அன்று நன்றி சொல்ல ஒரு காரியத்தையும், வேறொருவரின் தேவையையும் சொல்லவேண்டும். ஒருநாள் தொடக்கநிலை 2இல் படிக்கும் மகன், வழுக்கி விழுந்து மருத்துவமனையில் இருந்த பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டிக்காக ஜெபித்தான். ஆமென் சொன்ன கையோடு, “போய்ப் பார்க்க வேண்டாமா?” என்று கேட்டான். மறுநாள் ஆரஞ்சுப் பழங்களோடு போனோம். ஜெபம் எழுந்து நடக்கவும் வேண்டும் என்பதை எனக்குக் கற்பித்தவன் அவன்தான்.

இன்னொரு பழக்கம், மன்னிப்புக் கேட்பது. அன்றன்றைய ஆகாரத்தைக் கேட்கச் சொல்லும் பரமண்டல ஜெபம், மன்னிப்பையும் சேர்த்தே கேட்கச் சொல்கிறது. அன்று கோபத்தில் கத்தியவர், பெரியவராக இருந்தாலும், ஜெபத்துக்கு முன் மன்னிப்புக் கேட்கவேண்டும். பெரும்பாலும் அது நானாகத்தான் இருக்கிறேன்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாயார் சூசன்னா 19 பிள்ளைகளைப் பெற்றவர். பலரைக் குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்தவர். அவ்வளவு வேலைக்கு நடுவிலும் ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாகப் பேச வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கினார். ஜானுக்கு வியாழக்கிழமை. வளர்ந்த பிறகும் அவர் அந்த வியாழன் மாலைகளை நினைவுகூர்ந்தார். எங்களுக்கு 2 பிள்ளைகள்தான். நேரமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகளோடு வியாழன், மகனோடு செவ்வாய் என்று புளோக்கைச் சுற்றி அரை மணி நேரம் நடக்கிறோம். அப்போது பாடம், தேர்வு பற்றி நானாகப் பேச்செடுப்பதில்லை.

மகள் இப்போது உயர்நிலை 1இல் படிக்கிறாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். சில நாள்களில், “இன்னிக்கு நான் வரல” என்கிறாள். வற்புறுத்துவதில்லை. அவள் பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டு எழுந்துகொள்கிறோம்.

தேர்வுக்காக ஜெபிப்பதில் தவறில்லை. பயத்தோடு நிற்கும் பிள்ளைக்கு அது ஆறுதல். ஆனால், பிள்ளை கடவுளிடம் பேசும் ஒரே பேச்சு அதுவாகிவிடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

சென்ற வாரம் அவளுக்குக் கணிதச் சோதனை. முந்தின இரவு தம்பி கண்ணை மூடிக்கொண்டு, “அக்காவுக்கு நல்ல மார்க் குடுங்க” என்று ஆரம்பித்தான். அவள் அவன் தோளைத் தட்டினாள்.

“மார்க் இல்லடா. பயப்படாம எழுதணும்னு கேளு.”