தேர்வு இல்லாத வகுப்பறை

ஓய்வுக்காலத்திற்குத் திட்டமிட வரும் வாடிக்கையாளர்களிடம் நாங்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகையானவை. மாதச் செலவு எவ்வளவு? மருத்துவக் காப்பீடு உண்டா? வைப்புத்தொகையை எத்தனை ஆண்டுகளுக்குப் போட விரும்புகிறீர்கள்? இவற்றுக்கெல்லாம் விடை கண்டு, படிவங்களில் கையொப்பமும் ஆனபின், "பணத்துக்கு வழி சொல்லிவிட்டீர்கள், பொழுதை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை" என்று சிலர் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. அதற்குரிய திட்டம் எதுவும் எங்கள் கையேட்டில் இல்லை.

ஆயினும், அவர்களுக்கு மட்டுமன்றி, பணியில் இருக்கும் நமக்கும் பயன்படக்கூடிய வழி ஒன்று நம் நாட்டு நகரங்களில் ஒன்றரை நூற்றாண்டுக் காலமாக இருந்துவருகிறது. அறிவியல், இயற்கை, வரலாறு, பண்பாடு ஆகியவை குறித்துப் பொதுமக்களுக்காக நடத்தப்படும் சொற்பொழிவுகளையே குறிப்பிடுகிறோம். அங்கே வயது வரம்பு கிடையாது; பட்டம் கேட்பதில்லை; தேர்வும் வைப்பதில்லை. பெரும்பாலான இடங்களில் கட்டணமும் இல்லை. இவ்வளவு எளிதாகக் கிடைப்பதனாலேயே இதன் மதிப்பை நாம் உணராமல் இருக்கிறோமோ என்று தோன்றுகிறது. இதனை உருவாக்க ஒருவர் பட்ட பாட்டை அறிந்தால் அவ்வெண்ணம் மாறும்.

பௌபஜார் தெரு, எண் 210

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் வாழ்ந்தார். ஆங்கில மருத்துவத்தில் எம்.டி. பட்டம் பெற்று, பின்னர் ஹோமியோபதிக்கு மாறியவர். இந்தியர்கள் அறிவியலைக் கற்கவும் ஆராயவும் தங்களுக்கென ஒரு நிறுவனம் வேண்டும் என்று 1869ஆம் ஆண்டில் அவர் எழுதினார். அந்நிறுவனம் இந்தியர்களின் நிர்வாகத்திலேயே நடைபெற வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். நன்கொடை திரட்டுவதிலேயே பல ஆண்டுகள் கழிந்தன. முடிவில் 1876இல், பௌபஜார் தெருவின் 210ஆம் எண் கட்டடத்தில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது.

கழகத்தின் தொடக்கக் காலப் பணி பெரும்பாலும் பொதுச் சொற்பொழிவுகளே. செயின்ட் சேவியர் கல்லூரியின் பாதிரியார் யூஜின் லஃபோன் கருவிகளை இயக்கிக் காட்டி இயற்பியலை விளக்கினார். ஜகதீச சந்திர போஸ், அசுதோஷ் முகர்ஜி போன்றோரும் அங்கே உரையாற்றினர்.

ஆனால் சர்க்காரின் மனக்குறை தீரவில்லை. சொற்பொழிவுகளோடு நின்றுவிடாமல் ஆராய்ச்சியும் நடைபெற வேண்டும். அதற்கு முழுநேரப் பேராசிரியர்களை அமர்த்த நிரந்தர நிதி வேண்டும். அந்த நிதி சேரவில்லை. இளைய தலைமுறையினர் எவரேனும் வந்து இதனைப் பெரிய நிறுவனமாக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்புடன், 1904இல் அவர் மறைந்தார்.

மூன்று ஆண்டுகள் சென்றன. 1907இல் நிதித்துறையில் உதவித் தலைமைக் கணக்காயராகப் பணியேற்க, திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த 18 வயது இளைஞர் ஒருவர் கல்கத்தா வந்து சேர்ந்தார். டிராம் வண்டியில் செல்லும்போது கழகத்தின் பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. இறங்கிச் சென்று கதவைத் தட்டினார். அசுதோஷ் தே என்னும் ஊழியர் கதவைத் திறந்தார். அந்த இளைஞரே பின்னாளில் சர் சி.வி. இராமன் என்று உலகம் போற்றியவர். கதவைத் திறந்த அசுதோஷ் தே அவருடைய ஆய்வுகளுக்குத் துணைவரானார்.

கணக்குத் துறை அலுவலர் ஒருவரின் நாள் எவ்வாறு கழியும் என்பது எங்களைப் போன்றோருக்கு நன்கு தெரியும். இராமன் அலுவலகம் செல்லுமுன் விடியற்காலையிலும், அலுவலகம் விட்டபின் இரவு வரையிலும் கழகத்தில் இருந்தார். இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் பணிமாற்றம் வந்தது. 1911இல் கல்கத்தா திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அக்கழகத்தில் தாமும் பொதுமக்களுக்குச் சொற்பொழிவு ஆற்றினார். 1917இல் உயர்ந்த ஊதியம் தந்த அரசுப் பணியை விட்டு, குறைந்த ஊதியத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1928 பிப்ரவரி 28 அன்று 'இராமன் விளைவு' கண்டறியப்பட்டது அதே பௌபஜார் தெருக் கட்டடத்தில்தான். 1930இல் நோபல் பரிசு கிடைத்தது.

சொற்பொழிவு கேட்கச் செல்வோர் எல்லாரும் இராமன் ஆகிவிடுவார்கள் என்று நாம் சொல்லவில்லை. பலன் கண்ணில் படாத ஆண்டுகளிலும் அந்தக் கதவை மூடிவிடாமல் சிலர் காத்தனர் என்பதே இங்குக் கருதத்தக்கது. தம் முயற்சி யாருக்குப் பயன்படப்போகிறது என்பதைச் சர்க்கார் அறியாமலே மறைந்தார். அறிவுப் பணியில் முதலீடு செய்தவருக்கே வட்டி கிடைக்கும் என்ற நியதி இல்லை.

இராமன் இக்கடனை மறக்கவில்லை. பெங்களூரில் தாம் நிறுவிய ஆய்வு நிலையத்தில், ஆண்டுதோறும் அக்டோபர் 2 அன்று காந்தி நினைவுச் சொற்பொழிவை நிகழ்த்திவந்தார். 1970ஆம் ஆண்டிலும் தம் 81ஆம் வயதில் அவ்வுரையை ஆற்றினார். அடுத்த மாதம் 21ஆம் நாள் காலமானார்.

இன்றும் நிறையும் இருக்கைகள்

இத்தகைய முயற்சி கல்கத்தாவோடு நின்றுவிடவில்லை. புணேயில் மகாதேவ கோவிந்த ரானடே 1875இல் தொடங்கிவைத்த 'வசந்த வியாக்யானமாலா' என்னும் சொற்பொழிவுத் தொடர் இன்றும் ஏப்ரல், மே மாதங்களில் நடைபெறுகிறது. அரசியல் முதல் இலக்கியம் வரை பல துறையினரும் அந்த மேடையில் பேசியுள்ளனர்.

பெங்களூர் பசவனகுடியில் உள்ள நேஷனல் கல்லூரியில், காந்தியவாதியும் இயற்பியல் பேராசிரியருமான எச். நரசிம்மையா 1962இல் பெங்களூர் அறிவியல் மன்றத்தைத் தொடங்கினார். வாரந்தோறும் புதன்கிழமை மாலையில் ஒரு சொற்பொழிவு என்பது அம்மன்றத்தின் வழக்கம்.

மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 2009 முதல் 'சாய் அண்ட் ஒய்' என்னும் நிகழ்ச்சியை நடத்திவருகின்றனர். தேநீரும் 'ஏன்?' என்னும் கேள்வியும் என்பது இப்பெயரின் பொருள். ஜுஹூவில் உள்ள பிருத்வி நாடக அரங்கு போன்ற இடங்களில், ஞாயிற்றுக்கிழமைகளில் அறிவியலாளர்கள் பொதுமக்களோடு உரையாடுகின்றனர். பள்ளிக் குழந்தை கேட்கும் கேள்விக்கும், ஓய்வு பெற்ற முதியவர் கேட்கும் கேள்விக்கும் அங்கே ஒரே மதிப்பு.

செல்ல விரும்புவோர்க்கு

நாளிதழ்களில் வெளியாகும் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியை ஒரு வாரம் தொடர்ந்து பாருங்கள். அருங்காட்சியகம், கோளரங்கம், பல்கலைக்கழகம், பொது நூலகம் ஆகியவற்றின் அறிவிப்புப் பலகைகளையும் கவனியுங்கள். தேசிய அறிவியல் நாளாகிய பிப்ரவரி 28ஐ ஒட்டி ஆராய்ச்சி நிறுவனங்கள் பல பொதுமக்களை உள்ளே அனுமதிக்கின்றன.

நமக்குச் சிறிதும் பழக்கமில்லாத துறையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பேச்சில் பாதி புரியாமல் போனாலும் குறையில்லை. புரிந்த ஒரு செய்தியைக் குறித்துக்கொண்டு, புரியாத ஒன்றைப் பற்றிக் கேள்வி கேளுங்கள். இயன்றால் பேரப்பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். வீடு திரும்பும் வழியில் அவர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டாவது சொற்பொழிவாக அமையும். ஒன்றை மட்டும் நினைவில் கொள்வோம்: கேட்பதற்கு ஆள் இல்லாமற்போனால், எவ்வளவு சிறந்த சொற்பொழிவுத் தொடரும் நாளடைவில் நின்றுபோகும். நாம் சென்று அமரும் ஓர் இருக்கையும் அந்த அமைப்புக்கு நாம் அளிக்கும் நன்கொடையே.

கழகம் தொடங்கி 31 ஆண்டுகள் கழித்தே இராமன் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தார். நாம் நாள்தோறும் செல்லும் வழியிலும் அப்படி ஒரு பலகை இருக்கக்கூடும். இன்று மாலை வீடு திரும்பும்போது சற்று நிமிர்ந்து பார்ப்போம்.