மிதவைப் பலகையும் மூச்சுப் பயிற்சியும்: நீச்சல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்



தஞ்சோங் ரம்புத்தான் பிள்ளைகளுக்குத் தண்ணீர் புதிதல்ல. குனோங் கொர்பு மலைப் பக்கமிருந்து இறங்கும் கிந்தா ஆறு நம் ஊர்ப் பக்கமாக வந்துதான் ஈப்போவுக்குப் போகிறது. அது போதாதென்று கிந்தா பள்ளத்தாக்கு எங்கும் ஈயம் தோண்டிய குட்டைகள். 1985இல் ஈய விலை விழுந்து சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. தோண்டிய பள்ளங்கள் மட்டும் நீர் நிரம்பி அப்படியே நிற்கின்றன. பார்க்க அமைதியாக இருக்கும். கரையிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் மணல் சரியும், கால் எட்டாது. பள்ளி விடுமுறை வந்தாலே நமக்கு வயிற்றில் புளியைக் கரைப்பது இதனால்தான்.

"என் பையனுக்கு நீச்சல் தெரியும் டீச்சர், ஆத்துல குதிச்சுக் கத்துக்கிட்டான்" என்று பெற்றோர் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்தப் பையனை ஒருநாள் குளத்தில் இறக்கிப் பாருங்கள். தலையை ஆமைபோலத் தூக்கி வைத்துக்கொண்டு, கையால் தண்ணீரை அடித்து, இருபது மீட்டருக்குள் மூச்சு வாங்க நின்றுவிடுவான். குட்டையில் தவறி விழுந்தவன் கரைக்கு வர அந்த இருபது மீட்டருக்கு மேலும் தேவைப்படலாம். அதனால் வேகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். களைப்பில்லாமல் நீந்துவதுதான் முதல் பாடம். அதற்கு இரண்டைத் திருத்த வேண்டும்: உடல் கிடக்கும் நிலை, மூச்சு விடும் முறை.

முதலில் உடல் நிலை. நுரையீரலில் காற்று இருப்பதால் மார்புப் பகுதி எளிதில் மிதக்கும். உடலின் எடை மையமோ அதற்குக் கீழே, இடுப்பை ஒட்டி இருக்கிறது. மேல்நோக்கித் தள்ளும் மிதப்பு விசை ஓரிடத்திலும் கீழ்நோக்கி இழுக்கும் எடை இன்னோரிடத்திலும் செயல்படுவதால் கால்கள் தாமாகவே தாழும். இதோடு தலையையும் தூக்கினால் இடுப்பு இன்னும் இறங்கும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. சாய்ந்து கிடக்கும் உடல் அவ்வளவு அடர்த்தியான நீரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ஆற்றில் கற்ற பையன் களைத்துப் போவதன் காரணம் இதுதான். இயற்பியல் மாணவர்கள் ஆர்க்கிமிடிஸ் தத்துவத்துக்கு எப்போதும் கப்பலையே உதாரணமாக எழுதுகிறார்கள். ஒருமுறை நீச்சல்காரரை எழுதிப் பாருங்கள்.

தாழும் காலை மேலே வைத்திருப்பதுதான் உதைப்பின் முக்கிய வேலை. சுதந்திர பாணி நீச்சலில் முன்னேற்றத்தின் பெரும்பங்கு கைகளிலிருந்து வருகிறது. நெடுந்தூரம் நீந்துவோர் கையின் ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டே உதை கொடுப்பதுண்டு. குறுந்தூரப் போட்டியாளர்கள் ஆறு உதை கொடுப்பார்கள். "அப்படின்னா கிக்போர்ட் எதுக்கு சார்?" என்று மாணவர் கேட்டால் அது நல்ல கேள்விதான். கையை ஓய்வில் வைத்துவிட்டு, காலையும் மூச்சையும் மட்டும் தனியாகக் கவனிக்க அந்தப் பலகை வாய்ப்புத் தருகிறது.

பலகையைப் பிடிப்பதிலேயே பாதித் தவறு நடக்கிறது. பிள்ளைகள் அதன்மேல் மார்பை ஏற்றிப் படுத்துக்கொள்வார்கள். அப்போது தலை உயரும், இடுப்பு தாழும். நாம் திருத்த நினைத்த பழக்கமே அங்கே உறுதிப்படும். பலகையின் கீழ் விளிம்பை இரண்டு கையாலும் தளர்வாகப் பிடிக்கச் சொல்லுங்கள். கை நீட்டியிருக்கட்டும். முகம் தண்ணீருக்குள், பார்வை குளத்தின் தரையை நோக்கி. உதை தொடையிலிருந்து தொடங்க வேண்டும். முழங்கால் சற்றே மடங்கலாம், சைக்கிள் மிதிப்பதுபோல் மடங்கக் கூடாது. கணுக்கால் துணிபோலத் தளர்ந்து, விரல் நுனி பின்னால் நீண்டிருக்க வேண்டும். குதிகால் நீர்மட்டத்தைச் சற்றே கலக்கினால் போதும். தண்ணீரை வானத்துக்கு வாரி இறைப்பவர் நன்றாக உதைக்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள், அந்தச் சக்தி காற்றில்தான் போகிறது. சிலர் எவ்வளவு உதைத்தாலும் நின்ற இடத்திலேயே நிற்பார்கள், பின்னோக்கிப் போகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் கணுக்கால் விறைப்புதான் காரணம். கரையில் உட்காரவைத்துக் காலை மட்டும் நீரில் ஆட்டச் சொன்னால் விரைவில் பிடிபட்டுவிடும்.

இனி மூச்சு. இங்குதான் அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

"மூச்சு முட்டுது" என்று பிள்ளை சொன்னால் காற்று போதவில்லை என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் நடப்பது வேறு. முகம் நீருக்குள் இருக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். உள்ளே கரியமில வாயு சேர்கிறது. மூச்சு எடுக்க வேண்டும் என்ற தவிப்பைத் தூண்டுவது முக்கியமாக அந்த வாயுதான். தலையைத் தூக்கிய அரை நொடிக்குள் பழைய காற்றை விட்டுப் புதுக் காற்றை இழுக்க நேரம் ஏது? ஆகவே தண்ணீருக்குள் இருக்கும்போதே மூக்காலும் வாயாலும் குமிழி குமிழியாக மூச்சை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முகம் மேலே வந்ததும் இழுப்பது ஒன்றுதான் மிச்ச வேலை.

இதைப் பழக்க நீச்சல் குளமே வேண்டியதில்லை. பெரும்பாலான தமிழ்ப்பள்ளிகளில் குளம் கிடையாது என்பது நமக்குத் தெரிந்ததுதானே. அகலமான பாத்திரத்தில் நீர் நிரப்பி மேசைமேல் வையுங்கள். முகத்தை நனைத்து "ம்ம்ம்" என்று முனகச் சொல்லுங்கள். முனகும்போது மூக்கு வழியே காற்று தானாக வெளியேறும், நீர் ஏறாது. பிறகு முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி வாயால் மூச்சை இழுக்கட்டும். ஒவ்வொருவருக்கும் நீரை மாற்றுங்கள், ஆசிரியர் பக்கத்திலேயே நில்லுங்கள். இரண்டு வாரம் இதைச் செய்துவிட்டு ஈப்போ மாநகர் மன்றத்தின் குளத்துக்கு அழைத்துப் போனால் பாதி பயம் பள்ளியிலேயே தீர்ந்திருக்கும்.

குளத்தில், மார்பளவு நீரில், சுவரைப் பிடித்தபடி அதே முனகல். அடுத்து பலகையோடு ஆறு உதை, குமிழி விட்டபடி. பின்பு ஒரு கையால் மட்டும் பலகையைப் பிடித்து, மறு கையை உடலோடு ஒட்டி வைத்து, அந்தப் பக்கமே உடலைச் சற்று உருட்டி மூச்சு எடுப்பது. கவனிக்க வேண்டியது ஒன்று: தலை எழக் கூடாது, உருள வேண்டும். ஒரு கண் நீருக்குள்ளும் ஒரு கண் வெளியிலும் இருந்தால் சரியாகச் செய்கிறார்கள் என்று பொருள். இது பழகியதும் தளர்ந்த கையையும் வீசச் சொல்லுங்கள். பலகையை எடுத்துவிட அவசரப்படாதீர்கள். ஆனால் பயிற்சி நேரம் முழுவதையும் பலகையோடு கழிக்கவும் வேண்டாம். அதில்லாமல் நீந்தமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகள் உருவாகிவிடுவார்கள். இரண்டு நீளம் பலகையோடு, ஒரு நீளம் பலகையின்றி என்று மாற்றி மாற்றிச் செய்தால் நல்லது.

ஓர் எச்சரிக்கை. யார் அதிக நேரம் நீருக்குள் மூச்சைப் பிடிப்பது என்ற போட்டி பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு இழுத்து விட்டால் உடலில் கரியமில வாயு குறைந்துவிடும். தவிப்பு எழுவதற்கு முன்பே பிராணவாயு தீர்ந்து, நீருக்குள் நினைவு தப்பிவிடும். சத்தமே இருக்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கிறது. அந்த விளையாட்டைக் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். மிதவைப் பலகை உயிர்காப்புச் சட்டை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கை வழுக்கினால் பலகை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

மாணவர்களை ஊக்கப்படுத்த நம்மவர் கதைகள் உண்டு. வல்வெட்டித்துறையைச் சேர்ந்த குமார் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையைப் போய்த் திரும்பி 51 மணி நேரத்தில் நீந்திக் கடந்தார். 1994இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது தமிழ்நாட்டுக் குற்றாலீஸ்வரனுக்கு 13 வயதுகூட நிரம்பவில்லை. நம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் வயதுதான்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. மூச்சு விடும் உத்தியை விளக்கச் சொன்னால் "பக்கவாட்டில் மூச்சு எடுக்க வேண்டும்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். நீருக்குள் தொடர்ந்து வெளிவிடுதல், உடல் உருளுதல், தலை உயராமை, அதனால் இடுப்பு தாழாமை என்று காரணத்தையும் விளைவையும் கோத்து எழுதுங்கள். உதைப்பைப் பற்றிக் கேட்டால் கால் நீரைப் பின்னால் தள்ள, நீர் உடலை முன்னால் தள்ளுகிறது என்று நியூட்டனின் மூன்றாம் விதியைச் சேர்த்துக்கொள்ளலாம். எழுதுவதற்கு முன் ஒரு தடவையாவது பாத்திரத்து நீரில் முகத்தை வைத்து முனகிப் பாருங்கள், விடை தானாக வரும்.