கடற்கரையில் ஒரு காலைப்படம்

ஊரிலே சூரியன் வருடம் முழுவதும் காலை 6 மணியை ஒட்டித்தான் உதிக்கும். இங்கிலாந்தில் அப்படியல்ல. கென்ற் கரையோரத்தில் யூன் மாதம் 4.40 அளவில் உதித்துவிடும். டிசெம்பர் கடைசியிலோ 8 மணியாகும். ஆகவே சின்னப் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போய்ச் சூரியோதயத்தைப் படம் எடுக்க ஏற்ற காலம் குளிர்காலமே. கோடையில் என்றால் பிள்ளைகளை நடுச்சாமத்தில் எழுப்ப வேண்டும்.

முதலில் இடத்தைத் தெரிவு செய்யுங்கள். எல்லாக் கடற்கரையும் கிழக்குப் பார்த்ததல்ல. பலரும் போகும் மார்கேற் மணற்கரையில் சூரியன் மறைவதைத்தான் கடலில் காணலாம். உதயத்துக்கு அதன் அருகிலுள்ள புரோட்ஸ்ரெயர்ஸ் நல்லது. லண்டனிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். குளிர்காலத்தில் சூரியன் தென்கிழக்கில் எழும். நகர மத்தியிலுள்ள வைக்கிங் பே அந்தப் பக்கம் பார்த்தது. கோடையில் வடகிழக்கில் எழும்; அப்போது சற்று வடக்கேயுள்ள ஜோஸ் பேக்குப் போங்கள். இரவு வேலை முடித்தவர் நித்திரை கொள்ளாமல் கார் ஓட வேண்டாம்.

உதயத்துக்கு முக்கால் மணித்தியாலம் முன்பே போய் நில்லுங்கள். ஊரில் சூரியன் நேராக மேலே ஏறும். விடியல் சட்டென முடிந்துவிடும். இங்கே சரிவாக ஏறுவதால் வானத்தின் சிவப்பும் ஊதாவும் கூடிய நேரம் நிற்கும். சூரியன் தலைகாட்ட முன்பே நல்ல படங்கள் கிடைக்கும்.

கைத்தொலைபேசிக் கமெராவே போதும். மங்கல் வெளிச்சத்தில் கை நடுங்கினால் படம் கலங்கும். சுவரில் சாத்திவைத்து ரைமர் போட்டு எடுங்கள். திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்தால் நிறம் வெளுக்காது. ஆனால் முன்னால் நிற்பவர் கறுத்துப் போவார். முகம் தெரிய வேண்டுமானால் பிளாஷ் போடுங்கள். அல்லது சூரியன் எழுந்தபின் நீங்கள் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று பிள்ளைகளை எடுங்கள். இளவெயில் அவர்கள் முகத்தில் படும்.

இங்கே கடல் பல மீற்றர் உயரம் ஏறி இறங்கும். சுண்ணாம்புப் பாறைகளின் அடியில் நடப்பவர்கள் தண்ணீர் ஏறும்போது அகப்படலாம். நேர அட்டவணையைப் பார்த்தே இறங்குங்கள்.

எங்களிற் பலருக்குக் கடல் வெறும் காட்சியல்ல. 2004 இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையில் ஏறியது. 2009 இல் போரின் கடைசி நாட்கள் முள்ளிவாய்க்கால் மணலில் கழிந்தன. அதுவும் சூரியன் கடலில் உதிக்கும் கரைதான். உயிர்களோடு குடும்பப் படங்களும் அங்கே போயின. கடற்கரைக்கு வரமாட்டேன் என்னும் அம்மாமார் இங்கும் இருக்கிறார்கள். அவர்களை வற்புறுத்த வேண்டாம். விரும்பினால் காருக்குள் இருந்து பார்க்கட்டும். பிள்ளைகளுக்கோ சூரியன் எழும் கடலும் தெரியவேண்டும்.

எடுத்த படத்தைத் தொலைபேசிக்குள் விட்டுவிடாதீர்கள். தொலைபேசி உடைந்தால் படமும் போய்விடும். இரண்டு பிரதி அச்சிடுங்கள். பின்பக்கத்தில் பெயர்களையும் இடத்தையும் திகதியையும் எழுதுங்கள். ஒன்று உங்கள் அல்பத்துக்கு. மற்றது பேரப்பிள்ளைகளின் முகம் பார்க்கக் காத்திருக்கும் ஊர் வீட்டுக்கு.

வரும் டிசெம்பர் விடுமுறையில் வானம் தெளிந்த ஒரு நாளைப் பார்த்துப் புறப்படுங்கள். பிள்ளைகளுக்குத் தொப்பி, கையுறை, பிளாஸ்கில் சுடச்சுடத் தேநீர், இவற்றை மறவாதீர்கள்.