ஆய்வுச் சஞ்சிகையின் பயனை அளப்பது எப்படி?

மாணவர்களே, நூலகமொன்றுக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் பணம் மட்டுப்படுத்தப்பட்டது. ஆய்வுச் சஞ்சிகைகளோ பல்லாயிரம், விலையும் அதிகம். எதனை வாங்குவது, எதனை நிறுத்துவது என நூலகர் தீர்மானிக்க உதவும் மூன்று அளவீடுகளை நோக்குவோம்.

1. மேற்கோள் எண்ணிக்கை
ஒரு சஞ்சிகையின் கட்டுரைகளை ஏனைய ஆய்வாளர் எத்தனை தடவை எடுத்துக்காட்டியுள்ளனர் என எண்ணுதலாகும். ஐக்கிய அமெரிக்காவின் பொமோனா கல்லூரியைச் சேர்ந்த குரோஸ் என்னும் பெயருடைய இருவர், சிறிய கல்லூரி நூலகத்துக்கு ஏற்ற இரசாயனவியல் சஞ்சிகைகளைத் தெரிவு செய்ய 1927 இல் இம்முறையைக் கையாண்டனர்.

2. தாக்கக் காரணி
யூஜின் காபீல்ட் என்பவரோடு தொடர்புடையது. முந்திய இரு ஆண்டுகளின் கட்டுரைகள் இவ்வாண்டில் பெற்ற மேற்கோள்களை, அவ்விரு ஆண்டுகளின் கட்டுரைத் தொகையால் வகுத்தல் வேண்டும். உதாரணமாக, 2022, 2023 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த 80 கட்டுரைகள் 2024 இல் 200 மேற்கோள்கள் பெற்றிருப்பின், 200 ÷ 80 = 2.5 ஆகும்.

3. பாவனை எண்ணிக்கை
வாசகர் மேசையில் விட்டுச்சென்ற இதழ்களை அடுக்கும்போது எண்ணலாம். இலத்திரனியல் சஞ்சிகையாயின் தரவிறக்கங்களை எண்ணலாம். வெளியீட்டாளர் அனைவரும் ஒரே விதமாக எண்ணுவதற்கு 2002 இல் கவுண்டர் என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. ஆண்டுச் சந்தாவைப் பாவனை எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பாவனைக்கான செலவு கிடைக்கும்.

கவனிக்க:
தாக்கக் காரணி உயர்ந்த சஞ்சிகை எல்லா வாசகருக்கும் பயனுள்ளது என எழுதுவது தவறாகும். பரீட்சைக்குப் படிக்கும் மாணவரும் நோயாளரைப் பராமரிக்கும் தாதியரும் வாசிப்பர். ஆனால் பெரும்பாலும் ஆய்வுக் கட்டுரை எழுதார். ஆகவே அவர்களது வாசிப்பு மேற்கோளில் தெரியாது. கணிதம் போன்ற துறைகளில் மேற்கோள்கள் மெதுவாகவே சேர்வதால், வெவ்வேறு துறைச் சஞ்சிகைகளைத் தாக்கக் காரணியால் ஒப்பிடலும் ஆகாது. தரவிறக்கிய யாவும் வாசிக்கப்பட்டன என்றும் கொள்ள முடியாது.

பயிற்சி:
அ, ஆ என்னும் இரு சஞ்சிகைகளின் ஆண்டுச் சந்தா தலா ரூபா 60,000. அ 120 தடவையும் ஆ 15 தடவையும் பயன்படுத்தப்பட்டன. ஆ இன் தாக்கக் காரணியே உயர்ந்தது. ஒன்றை நிறுத்த வேண்டுமாயின் எதனை நிறுத்துவீர்?

விடை:
ஒரு பாவனைக்கான செலவு அ இற்கு ரூபா 500. ஆ இற்கு ரூபா 4,000. எனவே கணக்கின்படி ஆ நிறுத்தத்தக்கது. எனினும், அந்த 15 தடவையும் பயன்படுத்தியவர் யார், அவருக்கு வேறு வழி உண்டா என விசாரித்த பின்னரே நூலகர் முடிவெடுத்தல் வேண்டும். இந்த இறுதி வாக்கியத்தையும் எழுதினால்தான் விடை நிறைவு பெறும்.