கடைசி இலைக்கும் பரிமாறும் சூத்திரம்

ஆய்வகத்தில் உழைக்கும் நம் சங்கத்து அன்பர்களில் எக்செலைத் தொடாதவர் அரியர். ஆயினும், தாம் எழுதிய சூத்திரம் எதுவரை பார்க்கிறது என்று கவனிப்போர் சிலரே.

நான் ஓர் உலையின் வெப்பநிலையை நாள்தோறும் பி என்னும் பத்தியில் குறித்து வருகிறேன். முதற் கட்டத்தில் தலைப்பு. அதன் கீழ் முப்பது நாள் அளவுகள். சராசரிக்கு =ஆவரேஜ்(பி2:பி31) என எழுதினால் இன்றைய விடை சரி. (அச்சில் தமிழெழுத்து, விசைப்பலகையில் ஆங்கிலந்தான்!) நாளை 32ஆம் வரிசையில் புதிய அளவு ஏறும், சூத்திரமோ 31உடன் நின்றுவிடக் கூடும். பந்தியில் பரிமாறுபவரிடம் "முப்பது இலைக்குப் போடு" என்று சொல்லிவிட்டால், பின்னர் வந்தமர்ந்தவர் சோற்றைக் காண்பாரா? இடையில் ஒரு வரிசையைப் புகுத்தினால் எக்செல் தானே எல்லையை நீட்டிக்கொள்ளும். அடியில் சேர்த்தால் நம்புவதற்கில்லை. தவறான விடையும் சரியான விடையைப் போலவே கம்பீரமாக நிற்கும்.

இது சிறு விஷயமன்று. அரசின் கடன் நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி குன்றும் என்று, பொருளியலறிஞர்கள் கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃப்பும் 2010இல் எழுதினர். அரசுச் செலவைக் குறைக்க விரும்பியோர் அதை மேற்கோள் காட்டினர். 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஹெர்ண்டன் (நம்மைப் போன்ற ஒரு மாணவர்தாம்) தம் ஆசிரியர் இருவருடன் அவர்களது கணக்கை ஆராய்ந்தார். 49ஆம் வரிசை வரை செல்லவேண்டிய சராசரி 44இலேயே நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் பந்திக்கு வெளியே! முடிவு பிசகியதற்கு இதனினும் பெரிய காரணங்கள் இருந்தன என்பதையும் சொல்லவேண்டும்.

இனி, பரிகாரம். அளவுகளுக்குள் ஏதேனும் ஒரு கட்டத்தில் நின்று, கண்ட்ரோல் விசையுடன் டி எழுத்தை அழுத்துங்கள். அப்பகுதி 'டேபிள்' ஆகிவிடும். அதற்கு ஃபர்னஸ் என்று பெயரிட்டு, பத்தியின் தலைப்பு டெம்ப் ஆனால், =ஆவரேஜ்(ஃபர்னஸ்[டெம்ப்]) என எழுதலாம். இடைவெளி விடாமல் அடியில் எழுத எழுத டேபிள் வளரும். சூத்திரமும் உடன் வளரும். என் கருத்தில் பெரும்பாலோர்க்கு இதுவே போதும்.

பிறர் தந்த தாளின் அமைப்பை மாற்றக்கூடாதெனில், வேறொரு பத்தியில் =ஆவரேஜ்(பி2:இண்டெக்ஸ்(பி:பி,கவுண்டா(பி:பி))) என எழுதுக. கவுண்டா, காலியில்லாத கட்டங்களை எண்ணும். இண்டெக்ஸ் அந்த எண்ணுக்குரிய வரிசையைக் காட்டும். இங்கே ஓர் ஆபத்துண்டு. நடுவில் ஒரு கட்டம் காலியானால் எண்ணிக்கை ஒன்று குறைந்து, கடைசி இலைக்காரர் பட்டினி! எனவே கருவி ஓடாத நாளில் 'பழுது' என்று எழுதிவிடுங்கள். கவுண்டா அதை எண்ணிக்கொள்ளும், ஆவரேஜ் பொருட்படுத்தாது. இதே வேலைக்குப் பலர் ஆஃப்செட்டைப் பரிந்துரைப்பர். தாளில் எந்த மாற்றம் நேரினும் அது மறுபடி கணக்கிடுமாதலால், பெரிய தாள்கள் மந்தமாகும்.

எவ்வழியாயினும் சோதித்துவிடுங்கள். அடியில் 100000 என்று பொருந்தாத எண் ஒன்றை இட்டு, சராசரி துள்ளுகிறதா என்று பாருங்கள். துள்ளினால், கண்ட்ரோல் விசையுடன் இசட் எழுத்தை அழுத்தி அந்த எண்ணை நீக்கிவிடலாம்.