மஞ்சள் சிக்னல் உங்க மூளைக்கும் வேணும்!

திருவாலங்காடு வழியா சென்னை - அரக்கோணம் ரூட்டில் ரயில்ல போறவங்க சிக்னலை கவனிச்சிருக்கீங்களா? லோகோ பைலட் முன்னாடி சிவப்பு திடீர்னு வந்து நிற்காது. முதல்ல இரட்டை மஞ்சள், அடுத்து ஒற்றை மஞ்சள், அதுக்குப் பிறகுதான் சிவப்பு. ரயில் நிற்க நீண்ட தூரம் வேணும். அதை நிறுத்தும் மனுஷன் தயாராகவும் நேரம் வேணும்.

நம்ம மூளைக்கும் இதே கதைதான். விளக்கு எரிந்ததும் பட்டனை அழுத்தணும்னு காத்திருக்கும் ஒருவருக்கு, சுமார் 0.2 முதல் 0.25 விநாடி போதும். ஆனா, எதிர்பாராத நேரத்தில் குறுக்கே ஆட்டோ வந்தா பிரேக்கைத் தொடவே 1 விநாடிக்கு மேல ஆகலாம்.

அம்புக்குறி சொன்ன ரகசியம்

அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் போஸ்னர் 1980-ல் வெளியிட்ட ஆய்வு இதில் பிரபலம். திரையின் நடுவில் ஓர் அம்புக்குறி, பக்கத்தில் எங்கோ ஒரு வெளிச்சம். அம்புக்குறி சரியான பக்கத்தைக் காட்டினா, பட்டனை சீக்கிரம் அழுத்தினாங்க. தப்பான பக்கத்தைக் காட்டினா, அம்புக்குறியே இல்லாதப்போ ஆனதைவிட தாமதம். இத்தனைக்கும் கண் அசையவே இல்லை. கவனம் மட்டும்தான் நகர்ந்தது!

அதனாலதான் இடது இண்டிகேட்டரை அணைக்க மறந்துட்டு வலது பக்கம் திரும்புறது ஆபத்து. பின்னாடி வர்றவரோட கவனத்தை நீங்களே தப்பான பக்கம் அனுப்புறீங்க.

ஹெட்செட் போட்டா சேஃபா?

கை ஃப்ரீ, கண்ணும் ரோட்டில். ஆனா, கவனம் பேச்சில் இருக்கே! 60 கி.மீ வேகத்தில் அரை விநாடி தாமதம்னா, பைக் கூடுதலா 8 மீட்டருக்கு மேல ஓடியிருக்கும். கிட்டத்தட்ட இரண்டு கார் நீளம். நைட் ஷிஃப்ட் முடிச்சு கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து தூக்கக் கலக்கத்தோட கிளம்புறவங்களுக்கு இன்னும் மோசம்.

வீட்டிலேயே டெஸ்ட் பண்ணுங்க

நண்பரை 30 செ.மீ ஸ்கேலைச் செங்குத்தா பிடிக்கச் சொல்லுங்க. பூஜ்யம் கீழே, உங்க விரல்களுக்கு நடுவில் இருக்கட்டும். அவர் விட்டதும் பிடிங்க. 20 செ.மீ-ல் பிடிச்சா 0.2 விநாடி. அடுத்து, அவர் 'ரெடி' சொல்லிட்டு விடட்டும். கடைசியா, 100-லிருந்து ஏழு ஏழா குறைச்சு எண்ணிக்கிட்டே பிடிங்க. மூன்றையும் பத்து பத்து தடவை செய்து ஒப்பிடுங்க.

ரோட்டில் யாரும் 'ரெடி' சொல்ல மாட்டாங்க. நிற்கும் பஸ், அதன் முன்னால தெரியுற கால்கள், ரோட்டோரம் உருளும் பந்து... இதெல்லாம்தான் நமக்கான மஞ்சள் சிக்னல். பார்த்ததுமே ஆக்ஸிலேட்டரைக் குறைங்க, விரல் பிரேக் மேல இருக்கட்டும். போன் கால் வந்தா? ஓரமா நிறுத்திட்டுப் பேசலாம் பாஸ்!